பெயர் இல்லாத முதுகு

பாவாயியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எடைமேடை அறையின் ஜன்னல் வழியாக. மதியச் சோற்றுத் தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, "ரசத்தைக் கலக்கிட்டு ஊத்துங்க, பருப்பெல்லாம் அடியில நிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். எப்போதும் அவள் மேடையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். லாரிகள் ஏறி நிற்கிற அந்த நீள இரும்புமேடையில் யார் கால் வைத்தாலும் உள்ளே எனக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். கல்யாணமான புதிதில் ஒருமுறை தெரியாமல் ஏறிவிட்டாள். நான் எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "ஏனுங்க, ஊட்டுக்காரி எத்தனை கிலோன்னு பாக்கறதுக்கா மொதலாளி உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் சுற்றுவழிதான். அன்றைக்கு வெயிலோ அவசரமோ, குறுக்கே நடந்தாள். எண்கள் எழுந்தன, நின்றன, அவள் அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி சைபர். பிறகு பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள் என்று இளநீர்க் கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அது நடந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கேயும் எண்கள் ஓடுகின்றன. உஸ்பெக் நாட்டில் தாஷ்கெண்ட் என்ற இந்த ஊரில், எங்கள் நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவனக் கிடங்குகள் நாலைந்தை ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒரு உள்ளரங்கு. கூரை தெரியாத அளவுக்கு விளக்கு. நடுவில் மஞ்சளும் சிவப்புமாக விரிப்புகள். அதன்மேல் வெறுங்காலோடு வெள்ளை உடுப்பில் ஒருத்தியும் நீல உடுப்பில் ஒருத்தியும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்காரர்கள் வரப்புச் சண்டை போடுவது போலத்தான் இருக்கிறது பார்க்க. ஆனால் தொடங்குமுன் தலை வணங்குகிறார்கள், முடிந்ததும் தலை வணங்குகிறார்கள். வரப்புச் சண்டையில் அது இல்லை. கடிகாரம் நாலு நிமிஷத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. எனக்குப் பழக்கம் சைபரிலிருந்து ஏறுகிற எண்கள். இறங்குகிற எண்ணைப் பார்த்தால் யாரோ மேடையைவிட்டு இறங்கிப் போவதுபோல இருக்கிறது. இது என் மகள் வாணியின் ஆட்டம் இல்லை. அவள் ஆட்டத்துக்கு இன்னும் மூன்றோ நான்கோ ஆட்டம் இருக்கிறது.

"அண்ணாச்சி, அத மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்தா நீண்டுருமாக்கும்?" என்று பக்கத்தில் இருந்து கேட்கிறார் ஜெபராஜ் மாஸ்டர். என் மகள் கோகிலவாணிக்குப் பத்து வருஷமாக ஜூடோ சொல்லித்தருகிறவர், நாகர்கோவில்காரர், வாய் ஓயாதவர். என் மடியில் இருப்பது வாணியின் வெள்ளை மேல்சட்டை. கனத்த பருத்தி, அரிசி மணிபோலப் புடைத்துப் புடைத்து நெய்தது. நனைந்தால் ஒரு குடம் தண்ணீர் குடிக்கும். முந்தாநாள் பயிற்சியில் வியர்வையாகி, மாஸ்டர்தான் விடுதிக் குழாயில் துவைத்தார். ஊரில் என்றால் மொட்டை மாடியில் போட்டால் காக்கா வந்து உட்காருவதற்குள் காய்ந்துவிடும். இங்கே வந்ததிலிருந்து தூறல், வானம் முழுக்கச் சாம்பல். விடுதியின் கீழ்த்தளத்தில் துணியைச் சூடுபண்ணிச் சுழற்றிக் காயவைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. கண்ணாடி வட்டத்துக்குள் சட்டை சுற்றுவதை மாஸ்டர் குழந்தைபோலக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "பாத்தியளா அண்ணாச்சி, சூரியன டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருக்கான்" என்றார். எடுத்தபோது சட்டை இளஞ்சூடாக, மொறுமொறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. சுருங்கியது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை. வெயிலில் காயவைத்தே வளர்ந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும். இன்று காலையிலிருந்து வாணிக்கு நடந்த ஆட்டங்களில் எல்லாம் நீலம்தான் வந்தது. அட்டவணையில் முதலில் பெயர் வருகிறவருக்கு வெள்ளை, இரண்டாவதுக்கு நீலம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முதல்முறையாக வெள்ளை. போட்டுக்கொண்டு போய் அளவு பார்க்கிறவர்கள் முன்னால் கையை நீட்டினாளாம். கை மணிக்கட்டுக்கு மேலே நின்றதாம். ஒரு பெண் அளவுகோலை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாளாம். சட்டை சரியில்லை என்றால் போட்டிக்காரர்களே இரவல் சட்டை கொடுத்துவிடுவார்கள், அது பெரிய விஷயமில்லை. தண்டனை பயிற்சியாளருக்கு. களத்து ஓரம் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அங்கே உட்கார்ந்துதான் அவர் குரல் கொடுக்கலாம். அந்த ஆட்டத்துக்கு நாற்காலி காலியாக இருக்கவேண்டும். பார்வையாளர் வரிசையில் இருந்து சத்தம்போட்டாலும் வெளியே அனுப்பிவிடுவார்களாம். "என்ற வாயக் கட்டிப்போட்டானுவளே" என்று மாஸ்டர் எங்கள் பேச்சில் கேலிபோல அழுதார். பிறகு தன் பேச்சில், "நானே சுட்டு நானே வெந்தேன் அண்ணாச்சி" என்றார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து இப்போதே வாயில் வைத்துப் பார்க்கிறார், எவ்வளவு நுழையும் என்று.

காலை சாப்பாட்டில், விடுதிக்காரர்கள் வட்டமாகச் சுட்ட ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு வாணி சொன்னாள், "இதுலயும் நின்னுட்டே தோத்தன்னா உட்டர்றேம்ப்பா." ஜூடோவைத்தான் சொல்கிறாள். எனக்குத் தெரியும். மாஸ்டர் காதிலும் விழுந்தது, ரொட்டியை மெல்வதை நிறுத்தினார், அவர் மெல்வதை நிறுத்துவது நான் பார்த்ததே இல்லை. தோற்பது பற்றி யாருக்கும் வருத்தமில்லை. தூக்கி எறியப்பட்டுத் தோற்பவர்கள்தான் இந்த ஆட்டத்தில் பாதிப்பேர். முதலில் சொல்லித்தருவதே விழுவதைத்தான். ஆறு மாதம் விழுந்துகொண்டே இருப்பார்கள், கையால் தரையை அறைந்து அறைந்து. பள்ளிக்கூட வயதில் வாணி வீட்டு வாசலிலும் விழுந்து பழகுவாள். பாவாயி கூட்டிய வாசலில் பொத்தென்று விழுந்து கையை அறைவாள், கோழிகள் சிதறும். பாவாயி விளக்குமாற்றோடு நின்று, "விழறதுக்கு ஒரு வாத்தியாரு, அதுக்கு ஒரு பள்ளிக்கோடம். நானெல்லாம் தானாவே விழுந்தனே" என்பாள். ஆனால் போட்டி என்று வந்தால் முதல் வரிசையில் அவள்தான் இருப்பாள். ஜூடோவில் ஒரு மண்ணும் தெரியாது அவளுக்கு. மகள் விழுந்தால், "எந்திரி கண்ணு" என்று ஒரு சத்தம், ஓடுகிற லாரியே நிற்கும். நான் பின் வரிசையில் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்டதும், சரி, விழுந்துவிட்டாள், எழுந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அப்படித்தான் நான் மகளின் ஆட்டங்களைப் பார்த்தேன், பாவாயியின் வாய் வழியாக. அவள் போன பிறகுதான் தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டி வந்தது. பார்த்தால், மகள் ஆடவே இல்லை. பிடிப்பாள். நன்றாகப் பிடிப்பாள். பிடித்துக்கொண்டு நிற்பாள். எதிரி இழுத்தால் கூடவே நகர்வாள், தள்ளினால் கூடவே போவாள், வீச முயல மாட்டாள். தாக்காமல் நின்றால் நடுவர் கையை உருட்டிக் காட்டி ஷிடோ என்று எச்சரிக்கை தருவார். மூன்று ஷிடோ வாங்கினால் தோல்வி. விழாமல், கசங்காமல், நின்றபடியே தோல்வி. ஒன்றரை வருஷமாக அவள் அப்படித்தான் தோற்கிறாள். இன்று காலையும், முதல் சுற்றில் எதிராளி இல்லாமல் நேரே கால் இறுதிக்குப் போய், மங்கோலியாப் பெண்ணிடம் அப்படியேதான். ஆனால் கால் இறுதியில் தோற்றவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, சுற்றிக்கொண்டு வந்து வெண்கலத்துக்கு நிற்கலாம். அதில் அடுத்து வந்த பெண் இவளைவிடப் பயந்தவள்போல, இவளுக்கு முன்னால் மூன்று ஷிடோ வாங்கிவிட்டாள். ஆக, ஒருத்தியையும் தூக்காமலே என் மகள் வெண்கல ஆட்டத்துக்கு வந்து நிற்கிறாள். "பெரிய சாதனைல்லா" என்றார் மாஸ்டர். சிரிக்கவில்லை.

அம்மா போன துக்கம் என்று மாஸ்டர் சொல்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போனார், அவரும் அதையே சொன்னார். எனக்கும் துக்கம்தான். ஆனால் நான் துக்கத்திலும் லாரிக்கு எடை போட்டேன், சோறு வடித்தேன், பாவாயி செய்துகொண்டிருந்த தையல் வேலையைக்கூடக் கற்றுக்கொண்டேன். துக்கம் கையைக் கட்டாது, காலைத்தான் கொஞ்சம் கனக்க வைக்கும். வேறு என்னவோ இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது, பல்லிடுக்கில் நார்போல. நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. ஒருநாள் சேலத்துப் போட்டியில் தோற்றுத் திரும்பும்போது ஆட்டோவில், பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி அவள் சொன்னாள், "விழுந்தா அம்மா மேலயே விழற மாதிரி இருக்குதுப்பா." ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் ஒன்றும் சொல்வதில்லை, தெரிந்தபோதும் அப்படித்தான். அம்மா மேலேயே விழுவது. அன்றைக்கு அதை ஏதோ கனவைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் துணி மடியில் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது. மெஷினின் சூடு இன்னும் இருக்காது. என் கையின் சூடுதான். புரட்டிப் போட்டேன். முதுகுப் பக்கம் மேலே வந்தது. முதுகில் தைத்த சதுரத் துணியில் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். மேலே பாவாயி, கீழே இந்தியா. ஆங்கில எழுத்தை நான் கற்றது லாரி நம்பர் பலகைகளில். ஆனால் என் மனைவியின் பெயரை அந்த எழுத்தில் நான் முதன்முதலாகப் படித்தது இந்தத் துணியில்தான், அவள் போய் மூன்று மாதம் கழித்து, தபாலில் வந்த உறையைப் பிரித்தபோது. நானே உட்கார்ந்து நாலு பக்கமும் தைத்தேன், வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று.

அது பாவாயியின் வேலை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க பஸ் நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு மூன்று பேரும் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "சர்நேம் என்னங்க?" என்று கேட்டாள். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. என் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவோம், அவ்வளவுதான். "அப்படின்னா என்னம்மா?" என்றேன். "குடும்பத்துப் பேருங்க. வெளிநாட்டுல எல்லாம் அதைத்தான் கூப்பிடுவாங்க." பாவாயி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "குடும்பத்தை ஓட்டறது ஆரு? நான். அப்பறம் இவரு பேரை எதுக்குப் போடறீங்க? இவரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு. என்ற பேரையே போடுங்க." அந்தப் பெண் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வாணி, "ஐயோ அம்மா, வெளிநாட்டுல மைக்குல பாவாயி பாவாயின்னு கூப்பிடுவாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கூப்பிடட்டும். ஊட்டுக்குள்ள கூப்பிட்டுக் கூப்பிட்டே தேயுது, கொஞ்சம் வெளியிலயும் போய்ட்டு வரட்டும்." அப்படித்தான் அது முதுகில் வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. காலையில் இந்த அரங்கில் ஒலிபெருக்கியில், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்குரல், பா-வா-யீ என்று கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிட்டபோது நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மாஸ்டர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இப்போது எழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். எழுத்தை மிதிக்கக்கூடாது என்பாள் பாவாயி. கடலை மடித்த செய்தித்தாள் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், மகளையும் ஒற்றவைப்பாள். படிக்காதவளுக்கு எழுத்தின்மேல் அவ்வளவு பயம். வாணி இந்தச் சட்டையை எப்போதும் மடிக்கும்போது, விடுதியில்கூடப் பார்த்தேன், பெயர் மேலே இருக்கும்படிதான் மடிக்கிறாள், கட்டிலின்மேல்தான் வைக்கிறாள், தரையில் வைப்பதே இல்லை. மடித்துவிட்டு விரலால் தொட்டு...

"வந்துட்டா" என்கிறார் மாஸ்டர். வாய்க்குள் துண்டு போய்விட்டது. கீழே வாணி வருகிறாள். இரவல் சட்டை, கொஞ்சம் தொளதொளப்பு. மறுபக்கத்திலிருந்து நீலத்தில் கமீலோவா என்கிற இந்த ஊர்ப் பெண். அரங்கு முழுக்க அவளுக்காகத் தட்டுகிறது, பலகை இருக்கைகள் அதிர்கின்றன. அவளுடைய பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கத்து நாற்காலி காலி. வாணி அதைப் பார்த்தாள். மேலே எங்களைத் தேடினாள். கண்டுபிடித்தாளா தெரியவில்லை. மாஸ்டர் கையை ஆட்டவும் பயந்து கட்டைவிரலை மட்டும் தூக்கினார். இருவரும் வணங்கினார்கள். நடுவர் "ஹாஜிமே" என்றார், தொடங்கு என்று அர்த்தம். நான் காலைப் பார்க்கப் போனேன். பார்க்காதே, நிமிர். இனி உனக்காகச் சத்தம்போட்டுச் சொல்ல யாரும் இல்லை. நிமிர்ந்தேன். பிடித்துவிட்டார்கள். வாணியின் இடது கை கமீலோவாவின் கழுத்துப்பட்டியில், வலது கை அவள் கையில். நல்ல பிடி. நிற்கிறாள். நிற்கிறாள். சட்டை தோள் இறங்கி அசைகிறது. கமீலோவா இழுக்கிறாள், இவள் கூடப் போகிறாள். கமீலோவா காலைத் தட்டுகிறாள், இவள் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஷிடோ. ஒன்று. மாஸ்டர் என் தொடையைப் பிடித்தார். மறுபடி பிடி, மறுபடி நிற்பது. வாணியின் வீச்சு ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூட வயதிலேயே மாநிலத்தில் பேர் வாங்கிய வீச்சு. எதிரிக்குச் சட்டென்று முதுகைக் கொடுத்துத் திரும்பி, குனிந்து, மூட்டை தூக்குகிறவர்போல அவளைத் தன் முதுகில் ஏற்றி முன்னால் போட்டுவிடுவாள். அதற்கு முதுகைக் கொடுக்கவேண்டும். எதிரியின் நெஞ்சு வந்து முதுகில் அழுந்தும். தவறினால் பின்னாலிருந்து தூக்கி அப்படியே மல்லாக்கப் போட்டுவிடுவார்கள். ஒன்றரை வருஷமாக அவள் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. அது ஏன் இப்போதுதான் எனக்கு... ஷிடோ. இரண்டு. அரங்கு கத்துகிறது. இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. நாளைக்கு விமானம், மறுநாள் வீடு, அவள் பையை அலமாரி மேல் போடுவாள், நான் எதுவும் கேட்க மாட்டேன், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்போம், வருஷம் போகும். கத்து. யாராவது கத்துங்கள். மாஸ்டர் கத்தக்கூடாது. நான் கத்தலாம். எனக்கு யாரும் தடை போடவில்லை. வாயைத் திறந்தேன். எந்திரி கண்ணு என்று கத்த அவள் விழவே இல்லையே. வேறு என்ன கத்துவது. தொண்டையில் காற்று மட்டும் வந்தது, பஞ்சரான டயர்போல.

அப்போதுதான் கமீலோவா உள்ளே புகுந்தாள். அவள் இடுப்பு தெரிந்தது, வாணியின் இரண்டு காலும் தரையைவிட்டுப் போவது தெரிந்தது, வெள்ளைச் சட்டை வட்டமாக ஒரு சுற்று, அந்தக் கண்ணாடிக்குள் சுற்றியது போலவே. பிறகு விரிப்பில் அறை. அவள் கைதான், விழும்போது அறையச் சொல்லித்தந்த கை. அரங்கு எழுந்து நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாஸ்டர் துண்டை எடுத்துவிட்டு, "இல்ல இல்ல, வாசாரி, பாதி முதுகுதான், முழு முதுகு பட்டாத்தான் தோல்வி" என்று மூச்சுக்குள் சொல்லித் துண்டை மறுபடி திணித்தார். கமீலோவா மேலே விழுந்து அமுக்கப் பார்த்தாள், வாணி குப்புறப் புரண்டு சுருண்டுகொண்டாள், நடுவர் "மாத்தே" என்று நிறுத்தினார். குப்புறக் கிடந்த அவள் முதுகு விளக்குக்கு நேராக இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளை. வெறும் வெள்ளைத் துணி. இரவல் சட்டைக்கு யார் பெயர் தைப்பார்கள். பெயர் என் மடியில் இருக்கிறது. அம்மா மேலேயே விழுகிற மாதிரி. கனவில்லை அது. ஒன்றரை வருஷமாக இந்தப் பிள்ளை, எழுத்து காலில் பட்டால் கண்ணில் ஒற்ற வளர்த்த பிள்ளை, தன் அம்மாவின் பெயரைத் தரையில் படவிடாமல் நின்றுகொண்டிருந்தாள். நிற்பது ஒன்றுதான் வழி. நின்றால் படாது. தோற்றாலும் படாது. நாங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நானே ஊசி எடுத்து நாலு பக்கமும் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே வாணி எழுந்திருக்கிறாள். நடுவர் உடையைச் சரிசெய்யச் சொன்னார். இடைப்பட்டியை அவிழ்த்துக் கட்டுகிறாள். கட்டிக்கொண்டே, இது நான் கண்ணால் பார்த்தது, மேலே பெரிய திரையிலும் வந்தது, சிரித்தாள். பாதி புள்ளி விட்டுக்கொடுத்து, இரண்டு எச்சரிக்கை வாங்கி, ஊர் முழுக்க எதிர்த்துக் கத்தும்போது, திருட்டு மாங்காய் தின்ற பிள்ளைபோல ஒரு சிரிப்பு. மாஸ்டர் என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு மண்டையில அடி கிடி பட்டுட்டா?" துண்டோடு சொன்னதால் பாதி எனக்குப் புரியவில்லை, ஊகித்துக்கொண்டேன்.

ஹாஜிமே. வாணி நடந்து போகவில்லை, ஓடினாள். பிடித்த பிடியிலேயே திரும்பினாள். முதுகைக் கொடுத்துவிட்டாள். கமீலோவா எதிர்பார்க்கவில்லை, பழைய ஆட்டங்களின் வீடியோவில் எல்லாம் இந்த இந்தியப் பெண் நிற்பவள் என்றுதானே பார்த்திருப்பாள். ஆனாலும் அவள் சுதாரித்துக் குனிந்துவிட்டாள், வாணி அவளைத் தூக்க முடியாமல் முட்டியில் விழுந்தாள். மாத்தே. எழுந்தார்கள். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. மறுபடி பிடி, மறுபடி அவள் திரும்பினாள், மறுபடி தப்பியது, இந்தமுறை கமீலோவா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கப் பார்த்தாள், வாணி காலை அவள் காலில் பின்னிக்கொண்டு சறுக்கி இறங்கினாள். அரங்கு கொஞ்சம் அமைதியானது. கெட்டிக்காரக் கூட்டம், ஆட்டம் தெரிந்த கூட்டம், எது நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எனக்குப் பயம் போகவில்லை. கழுத்து, முட்டி, தோள்பட்டை, எல்லாம் உடைகிற சாமான்தான், வளர்த்தவனுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பயம் நல்ல பயமாக இருந்தது. மகள் சைக்கிள் ஓட்டக் கற்ற அன்றைக்கு வந்த பயம். பிடிக்காதே, விடு, போகட்டும். மூன்றாவதுமுறை அவள் திரும்பியதை நான் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். பார்த்தது, கமீலோவாவின் பாதங்கள் இரண்டும் வானத்தில், வாணியின் தலைக்கு மேலே, நீலமான ஒரு பெரிய பறவைபோல. அப்புறம் அந்தச் சத்தம். விரிப்பில் முழு முதுகும் விழுகிற சத்தம் வேறு, அதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. நடுவர் கையை நேராக மேலே தூக்கினார். இப்போன். அதோடு ஆட்டம் முடிந்தது. மாஸ்டர் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆட்டம் முடிந்தபிறகு கத்தலாம் என்பது சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, "எம் மவளே" என்று ஒரு கூப்பாடு போட்டார். முன்வரிசை உஸ்பெக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, நெஞ்சில் கை வைத்து எங்களுக்குத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது கண் மங்கலாக இருந்தது. கீழே வாணி கமீலோவாவைக் கை கொடுத்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

பரிசு கொடுக்கும்போது மூன்றாவது படியில் மட்டும் இரண்டு பேர். ஜூடோவில் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் இரண்டு. தங்கம் வாங்கியது ஜப்பான் பெண், குட்டையானவள், நாள் முழுக்க ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. வெள்ளி கஜகஸ்தான். காலையில் வாணியை நிற்கவைத்தே தோற்கடித்த மங்கோலியாப் பெண் அரையிறுதியில் தோற்று, இன்னொரு வெண்கல ஆட்டத்தில் ஜெயித்து, வெண்கலத்தோடு அதே படியில் வாணிக்குப் பக்கத்தில் நின்றாள். இடம் போதாமல் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். ஜப்பானின் தேசியப் பாட்டைப் போட்டார்கள், மெதுவான பாட்டு. பாவாயி இருந்திருந்தால், "இது என்னங்க, தாலாட்டு மாதிரி இருக்குது, செயிச்சவங்க பாட்டு மாதிரி இல்லியே" என்றிருப்பாள். பிறகு வாணி படி ஏறி எங்களிடம் வந்தாள். கழுத்தில் பதக்கம், காதோரம் விரிப்பு தேய்த்த சிவப்பு. மாஸ்டர் அவள் தலையில் குட்டினார், அப்புறம் அந்தத் தலையிலேயே முத்தம் கொடுத்தார். "இன்னைக்கு அடுத்தவன் சட்டையில ஆடிட்ட. இனி உன் சட்டைக்கு நீயே மெஷின் போடு, நான் பக்கத்துலயே வரமாட்டேன்." அவள் என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். "பயந்துட்டீங்களாப்பா?" "இல்ல சாமி." "பொய்." பக்கத்தில் உட்கார்ந்தாள். பதக்க நாடாவை விரலில் சுற்றினாள். பிறகு, "கீழ விழுந்ததும் சிரிப்பு வந்துருச்சுப்பா. அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்?" நான் யோசித்தேன். எனக்கு அவள் குரலில் பேச வராது. ஆனாலும் சொன்னேன், "மண்ணு ஒட்டலை, எந்திரின்னு சொல்லியிருக்கும்." வாணி பல் தெரியச் சிரித்தாள், பிறகு முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டாள், என் சட்டை நனைந்தது. "அம்மாவ நான் தரையிலயே உடலீங்கப்பா, இத்தனை நாளு." "தெரியும்." "எப்பருந்து?" "இப்பத்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அது தரையில விழாத பொம்பளையா? குளிக்கப் போறப்ப வழுக்கி விழும், கோழியப் புடிக்கப் போய் விழும், விழுந்துட்டு நம்மளையே திட்டும்." "ஆமா." "வேற புதுச் சட்டை எடுத்துத் தைச்சுக் குடுங்க. பேரையும் வச்சுத்தான். விழுந்தா சேந்தே விழறோம்." மாஸ்டர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகம் முழுக்கத் துடைத்தார். கீழே ஆட்கள் வந்து விரிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வெளியே தூறல் விட்டிருக்கவேண்டும், மேல் ஜன்னல்களில் வெளிச்சம். பாவாயி போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். அதில் ஒருத்திக்கு வருகிற புதன்கிழமை காலையில் பயிற்சி இருக்கிறது.